வறண்ட தோலும் மென்களிம்பும்

வட இந்தியச் சமவெளியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் காற்றிலுள்ள நீராவி குறைந்துவிடுகிறது. அப்போது தோலின் மேற்படலத்திலிருந்து ஈரம் விரைந்து வெளியேறுகிறது. அப்படலம் உயிரற்ற செல்களாலானது. செல்களுக்கிடையே கொழுப்புப் பொருள்கள் சாந்துபோல் அமைந்து நீரைக் காக்கின்றன. வெந்நீரும் காரம் மிகுந்த சவுக்காரமும் அச்சாந்தை அரித்துவிடுவதால் தோல் வெடித்து, எரிச்சலும் அரிப்பும் தோன்றுகின்றன.

வாஸலீன் என வழங்கும் பெட்ரோலியக் களிம்பு தோலுக்கு ஈரம் ஊட்டுவதில்லை. உள்ள ஈரத்தை வெளியேறாமல் தடுக்கிறது. ஆகவே, குளித்துத் துவட்டியவுடன், தோல் சற்று ஈரமாயிருக்கும்போதே அதனைப் பூசுதல் வேண்டும். நன்கு உலர்ந்தபின் பூசினால் பயன் குறைவு. அமெரிக்காவில் 1872-இல் காப்புரிமை பெற்ற இம்மலிவான பொருள், விலையுயர்ந்த வாசனைப் பூச்சுகளுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று; வாசனைப் பொருளே சிலருக்கு ஒவ்வாமையை விளைவிப்பதுண்டு. கடுகெண்ணெய் பூசுவது அங்கு நெடுநாள் வழக்கம். எனினும், சுண்டெலிகளில் நடத்திய சோதனையில், பழுதுற்ற தோற்படலம் சீரடைவதை அது தாமதப்படுத்தியது.

களிம்பு ஊறிய துணியில் தீப்பற்றினால் விரைந்து பரவும். குளிர்காய நெருப்பு மூட்டும் வீடுகளில் இதனைத் தவறாது எடுத்துரைத்தல் வேண்டும்.

அரிப்பனைத்தையும் வறட்சியென்று கொள்ளலாகாது. இரவில் மிகுந்து, விரலிடுக்குகளில் கொப்புளித்து, வீட்டில் பலருக்கும் பரவுமாயின் அது சொறிசிரங்காக இருக்கலாம். மென்களிம்பு அதனைத் தீர்க்காது. மாணவரின் உடலிலுள்ள வெளிறிய தேமலில் உணர்ச்சி குன்றியிருப்பின், எதையும் பூசிக் காலங்கடத்தாமல், தொழுநோய்ப் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புதல் வேண்டும். தொடக்கத்திலேயே கூட்டுமருந்துச் சிகிச்சை பெறுவோருக்கு அந்நோய் முற்றிலும் குணமாகும்.