சாலை, மதில், ஆட்டு மந்தை: ஸ்காட்லந்தின் பழைய கோல்ஃப் திடல்கள் ஏன் இப்படி?

ஒரே கிரீனில் இரண்டு கொடிகள். ஆடும் வழியின் குறுக்கே ஒரு பொதுச் சாலை. பந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரு கல் மதில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆட்டமே கிடையாது, ஊர் மக்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அங்கே நடைபோடுகிறார்கள்.

ஏதோ அவசரத்தில் கட்டிய திடல் என்று நினைத்துவிடாதீர்கள். உலகமே போய்ப் பார்க்க ஆசைப்படும் ஸ்காட்லந்தின் 'லிங்க்ஸ்' திடல்கள் இப்படித்தான் இருக்கும்.

நம்மூர்க் கோல்ஃப் திடலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் பார்வையில் ஏமாற்றம்கூட வரலாம். மரம் இல்லை. அழகான குளம் இல்லை. பல மாதங்களில் புல்லே பழுப்பு நிறம். "இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்று கேட்கத் தோன்றும்.

'லிங்க்ஸ்' என்றால் என்ன?

கடற்கரைக்கும் விளைநிலத்துக்கும் இடையில் கிடக்கும் மேடுபள்ளமான மணல் நிலத்தை ஸ்காட்லந்தில் அப்படி அழைப்பார்கள். மேடு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கடலோரத்தில் இருக்கும் எல்லாத் திடலும் லிங்க்ஸ் ஆகிவிடாது. மண் அப்படி அமைய வேண்டும்.

அந்த மண்ணில் பயிர் விளையாது. ஆடுகள் மேயும், முயல்கள் வளை தோண்டும். வேறு எதற்கும் உதவாத நிலம் என்பதால்தான் அங்கே விளையாட விட்டார்கள். ஆனால் கோல்ஃபுக்கு அதைவிட நல்ல நிலம் கிடைக்காது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் மணலில் இறங்கிவிடும். தரை கெட்டியாக இருக்கும். ஃபெஸ்கியூ என்ற மெல்லிய புல் குட்டையாக வளரும்.

ஆட்டமே மாறுவது இதனால்தான். ஈரமான, மென்மையான தரையில் பந்தை உயரத் தூக்கி அடித்தால் விழுந்த இடத்தில் நிற்கும். லிங்க்ஸில் அப்படி அடித்தால் பந்து குதித்துக் குதித்து எங்கேயோ போய்விடும். அதனால் பந்தைத் தாழ்வாக அடித்து, தரையில் உருட்டி, மேடுபள்ளத்தைக் கணக்குப் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போதாக்குறைக்குக் காற்று வேறு. காலையில் ஒரு திசை, மதியம் இன்னொரு திசை.

செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரே கிரீனில் எப்படி இரண்டு கொடிகள்?

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ், ஒடுக்கமான ஒரு நிலத் துண்டு. ஊரிலிருந்து புறப்பட்டு முகத்துவாரம் வரை ஆடிக்கொண்டே போவார்கள். பிறகு அதே குழிகளில் ஆடிக்கொண்டே திரும்புவார்கள். அப்படிப் போக வர ஆடியதில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் வந்தன. 1764இல் தொடக்கத்தில் இருந்த 4 சிறிய குழிகளை 2 ஆகச் சேர்த்தார்கள். போகும்போது 2 குறைந்தன, வரும்போது 2 குறைந்தன. 22 என்பது 18 ஆனது. இன்று உலகம் முழுவதும் 18 குழிகள் ஆடுவது அந்த ஊர்க் கணக்கிலிருந்து வந்ததுதான்.

பின்னர் கூட்டம் பெருகியது. போகிறவரும் வருகிறவரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க கிரீன்களை அகலமாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகள் வெட்டினார்கள். இப்போது 7 இரட்டை கிரீன்கள் உள்ளன. 1, 9, 17, 18 ஆகிய நான்கு குழிகளுக்கு மட்டுமே தனி கிரீன். இதில் ஒரு வேடிக்கை: ஒரே கிரீனைப் பகிரும் இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டினால் எப்போதும் 18 வரும். 2ஆவதும் 16ஆவதும், 3ஆவதும் 15ஆவதும், இப்படியே 8ஆவதும் 10ஆவதும் வரை.

திடலில் 112 பங்கர்கள். பல, கிட்டே போகும்வரை கண்ணுக்கே தெரியாது. 14ஆம் குழியில் இருக்கும் பங்கரின் பெயர் 'ஹெல்', அதாவது நரகம். 1995 ஓப்பன் போட்டியில் ஜேக் நிக்லஸ் அதில் மாட்டிக்கொண்டு அந்த ஒரு குழிக்கு மட்டும் 10 அடி எடுத்தார். 17ஆம் குழியில் ஆடும்போது முதல் அடியையே ஒரு ஹோட்டலின் ஓரத்துக்கு மேலாக அடிக்க வேண்டும். ஒருகாலத்தில் ரயில்வே கொட்டகைகள் நின்ற இடம் அது. கிரீனுக்குப் பின்னால் தார்ச் சாலை, அதற்கப்பால் மதில். பந்து சாலையில் விழுந்தால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டியதுதான். 1978இல் ஜப்பானின் டாமி நகாஜிமா கிரீனை எட்டியும்கூட, அங்கிருந்து உருட்டிய பந்து பக்கத்து பங்கருக்குள் போய்விட்டது. அந்தக் குழியில் 9 அடி. இதற்கு நேர்மாறாக 2000ஆம் ஆண்டில் டைகர் வுட்ஸ் நான்கு நாளும் ஒரு பங்கரில்கூட விழாமல் ஆடி, 8 அடி வித்தியாசத்தில் வென்றார்.

கிரீனே தெரியாமல் அடிப்பதா?

பிரெஸ்ட்விக்கில் அப்படித்தான். முதல் ஓப்பன் போட்டி நடந்தது இங்கேதான், 1860 அக்டோபர் 17ஆம் தேதி. கலந்துகொண்டவர்கள் 8 பேர். அப்போது திடலில் 12 குழிகள். ஒரே நாளில் மூன்று சுற்று ஆடி முடித்தார்கள். வில்லி பார்க் 174 அடிகளில் வென்றார். பரிசுப் பணம் கிடையாது, ஒரு தோல் இடைவார் கொடுத்தார்கள். 1868 முதல் 1870 வரை இளைய டாம் மோரிஸ் மூன்று முறை தொடர்ந்து வென்று அந்த இடைவாரைச் சொந்தமாக்கிக்கொண்டார். கொடுக்கப் பரிசு இல்லை. 1871இல் போட்டியே நடக்கவில்லை!

இங்கே முதல் குழியின் வலப்பக்கம் முழுக்க மதில், மதிலுக்கு அப்பால் ரயில் பாதை. கொஞ்சம் வளைந்தால் பந்து தண்டவாளத்துக்குப் போய்விடும். 5ஆம் குழியின் பெயர் 'ஹிமாலயாஸ்'. பெரிய மணல் மேடு ஒன்று கிரீனை முழுதாக மறைத்திருக்கும், அதற்கு மேலே குருட்டாம்போக்கில் அடிக்க வேண்டும். 17ஆம் குழி 'ஆல்ப்ஸ்', அந்த முதல் 12 குழிகளில் ஒன்று. அங்கேயும் அதே கதை. முன்னால் ஆடியவர்கள் கிரீனை விட்டு விலகியதும் மணி அடிப்பார்கள், அதைக் கேட்ட பிறகுதான் பின்னால் நிற்பவர்கள் அடிக்கலாம்.

பிரெஸ்ட்விக் 24 முறை ஓப்பனை நடத்தியது. 1925இல் கட்டுக்கடங்காத கூட்டம். அதோடு சரி, போட்டி திரும்பி வரவேயில்லை.

அப்படியானால் ஆக விநோதமானது எது?

என்னைக் கேட்டால் நார்த் பெரிக். ஓப்பன் நடந்ததே இல்லை என்பதால் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 13ஆம் குழியில் கிரீனுக்கு முன்னால் தாழ்வான கல் மதில் ஒன்று நீளமாக ஓடுகிறது. திடலுக்கு முன்பே இருந்த மதில். இடிக்கவில்லை, அதைத் தாண்டி அடியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். 16ஆம் குழியின் கிரீனை நடுவில் ஒரு பள்ளம் இரண்டாகப் பிளக்கிறது. தவறான பாதியில் பந்தைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான்.

ஆனால் உலகம் காப்பியடித்தது 15ஆம் குழியை. 'ரெடான்' என்று பெயர், கிரைமியப் போரின் கோட்டை அரண் ஒன்றின் நினைவாக வைத்தது. கிரீன் குறுக்கே சாய்ந்து, நம்மைவிட்டு விலகிச் சரியும். நேராகக் கொடியைப் பார்த்து அடித்தால் வேலைக்கு ஆகாது. வலப்பக்கம் இறக்கி, சரிவில் தானாக உருண்டு போகவிட வேண்டும். அமெரிக்காவின் சார்ல்ஸ் பிளேர் மெக்டோனல்ட் இதைப் பார்த்துவிட்டுப் போய், நியூயார்க் அருகே தமது நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ் திடலில் அதேபோல ஒன்றை அமைத்தார். அதன் பிறகு ரெடான் பல நாடுகளுக்குப் பரவியது.

கார்னூஸ்ட்டிக்கு இந்தக் கேலிக்கூத்தெல்லாம் கிடையாது. கடுமை மட்டும்தான். கடைசிக் குழியில் பாரி பர்ன் என்ற ஓடை வளைந்து வளைந்து குறுக்கே வரும். 1999இல் பிரான்ஸின் ஜான் வான் டி வெல்ட் 3 அடி முன்னிலையோடு அந்தக் குழிக்கு வந்தார். பந்து ஓடையில் விழ, காலணியைக் கழற்றிவிட்டு ஓடைக்குள் இறங்கி நின்றார். அந்தக் குழிக்கு 7 அடி. முன்னிலை போனது, கூடுதல் ஆட்டத்தில் கிண்ணமும் போனது. வென்றவர் அன்று காலை 10 அடி பின்தங்கியிருந்த ஸ்காட்லந்துக்காரர் பால் லாரி.

மேற்குக் கரையின் மாக்ரிஹானிஷில் முதல் அடியே கடற்கரைக்கு மேலாகத்தான். கடற்கரையும் ஆட்டக் களம், மணலில் விழுந்தால் அங்கிருந்தே ஆடலாம். வடக்கே புரோராவில் நெடுங்காலமாகவே ஆடுமாடுகள் மேய்ந்துவந்திருக்கின்றன. அது ஊர்க்காரர்களின் மேய்ச்சல் உரிமை. கிரீனைக் காக்கச் சுற்றிலும் மின்வேலி போட்டார்கள்.

நிலம் யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் சூடான கேள்வி. ஓல்டு கோர்ஸ், பக்கத்தில் நிற்கும் புகழ்பெற்ற ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் மன்றத்துக்குச் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பொது நிலம். ஊர் மக்கள் அங்கே விளையாடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனமே குறிப்பிடுகிறது. ஆனால் 1797இல் நகர நிர்வாகம் பணமுடையில் நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. முயல்கள் திடலைத் தோண்டித் தள்ள, கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் முயல்காரர்களுக்கும் சண்டையும் வழக்கும் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. 1821இல் கோல்ஃப் ஆர்வமுள்ள நிலக்கிழார் ஒருவர் வாங்கிய பிறகே அது ஓய்ந்தது. 1894இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நிலம் நகரத்திடம் திரும்பியது. 1974 முதல் ஓர் அறநிதி நிர்வகிக்கிறது. பெரிய போட்டிகள் நடக்கும் வாரங்கள் நீங்கலாக ஞாயிறுகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே நடக்கலாம்.

எல்லா இடமும் இப்படித் தாராளமாக இல்லை. மியூர்ஃபீல்டின் வடிவமைப்பு அபாரம்: முதல் ஒன்பது குழிகள் வெளிவட்டமாக ஒரு திசையில், அடுத்த ஒன்பது உள்வட்டமாக எதிர்த்திசையில். காற்று ஒரே பக்கமாக வந்துகொண்டிருக்காது. ஆனால் 2016இல் அதன் மன்றம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்கும் தீர்மானத்துக்குப் போதிய வாக்குகள் கிடைக்காமல் கைவிட்டது. உடனே ஓப்பன் போட்டி நடத்தும் பட்டியலிலிருந்து மியூர்ஃபீல்டு நீக்கப்பட்டது. 2017இல் மறுவாக்கெடுப்பு, முடிவு மாறியது. 2022இல் மகளிர் ஓப்பன் அங்கேயே நடந்தது. 250 ஆண்டுக்கு மேல் பழைமையான மன்றம் ஓராண்டுக்குள் மனம் மாறியதற்குப் பட்டியல் நீக்கம் காரணமில்லை என்று யாரும் நம்பப்போவதில்லை.

கடல் நெருங்குகிறதா?

ஆமாம். மணல் நிலம் என்பதே இந்தத் திடல்களின் பலம், அதுவே இப்போது பலவீனமும். மணலைக் கொண்டுவந்து சேர்த்த கடல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கிழக்குக் கரையின் மோன்ட்ரோஸில் 1562 முதல் கோல்ஃப் ஆடப்பட்டு வருகிறது. அங்கே சுமார் 30 ஆண்டுகளில் கடல் 70 மீட்டர் உள்ளே வந்துவிட்டதாக 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. செயின்ட் ஆண்ட்ரூஸின் வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரையில் மணல் மேடுகளை மீண்டும் உயர்த்தி, மணலைப் பிடித்துவைக்க மாரம் புல் நடுகிறார்கள். கான்கிரீட் சுவர் எழுப்பலாமே என்று தோன்றலாம். ஆனால் சுவர் மணலின் போக்குவரத்தைத் தடுத்துவிடும், பக்கத்துக் கரை அரிக்கும்.

நாம் போனால் ஆட முடியுமா?

ஓல்டு கோர்ஸில் ஆடும் நேரங்களில் கணிசமான பகுதி குலுக்கலுக்கு ஒதுக்கப்படுகிறது. இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கட்டணமும் லேசுப்பட்டதல்ல.

பர்ஸ் தாங்காது என்றால் வேறு வழி இருக்கிறது. அதே செயின்ட் ஆண்ட்ரூஸில், கடற்கரைக்குப் போகும் வழியில், மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு பெரிய புட்டிங் திடல். பெயர் 'ஹிமாலயாஸ்' (ஸ்காட்லந்துக்காரர்களுக்கு அந்த மலைமீது என்ன மோகமோ). பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அழகல்ல என்று கருதிய காலத்தில், 1867இல், அங்குள்ள பெண்கள் தங்களுக்கென்று மன்றம் அமைத்து ஆடிய இடம். இன்றும் அதே மன்றம்தான் நடத்துகிறது. சில பவுண்டு கொடுத்தால் மட்டையும் பந்தும் தருவார்கள், கோல்ஃப் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.