பிழை ஊகித்தல் (மென்பொருள் சோதனை)

பிழை ஊகித்தல் என்பது, ஒரு மென்பொருளில் எவ்விடத்தில் வழு இருக்கக்கூடும் என்பதைச் சோதனையாளர் தமது உள்ளுணர்வையும் முன்னனுபவத்தையும் கொண்டு ஊகித்து, அதற்கேற்பச் சோதனைகளை வடிவமைக்கும் நுட்பம் ஆகும். கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட "தி ஆர்ட் ஆஃப் சாஃப்ட்வேர் டெஸ்டிங்" என்னும் நூலில் இதனை விளக்கியுள்ளார்.

உள்ளுணர்வின் தேவை

ஒரு மென்பொருளுக்குத் தரக்கூடிய எல்லா உள்ளீடுகளையும் சோதித்தல் இயலாது. இரண்டு 32 பிட் முழு எண்களைக் கூட்டும் சிறிய நிரலுக்கே 2 இன் 64 ஆம் அடுக்கு அளவு உள்ளீட்டுச் சோடிகள் உள்ளன. நொடிக்கு நூறு கோடி சோடிகள் வீதம் சோதித்தாலும் 580 ஆண்டுகளுக்கு மேலாகும். எனவே சிலவற்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. இத்தேர்வில் உதவும் உள்ளுணர்வு காரணமற்ற எண்ணம் அன்று. முன்னர் கண்ட வழுக்களின் நினைவிலிருந்து உருவாவது.

செய்முறை

சோதனையாளர் நேரக்கூடிய பிழைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனையை எழுதுவார். எண்களை வரிசைப்படுத்தும் நிரலுக்குப் பின்வரும் உள்ளீடுகள் பொருத்தமானவை:

* வெற்றுப் பட்டியல்
* ஒரே ஓர் உறுப்புடைய பட்டியல்
* எல்லா உறுப்புகளும் சமமான பட்டியல்
* ஏற்கனவே வரிசையில் உள்ள பட்டியல்

நாட்காட்டி சார்ந்த நிரல்களில் பெப்ரவரி 29, ஆண்டின் இறுதி நாள் ஆகியவை ஐயத்துக்குரியவை.

எடுத்துக்காட்டு

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் 30 ஜிபி ஸூன் இசைக் கருவிகள் பரவலாகச் செயலிழந்தன. நாட்களின் எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கணிக்கும் நிரற்பகுதி, நெட்டாண்டின் 366 ஆம் நாளில் முடிவின்றிச் சுழன்றதே காரணம். மின்கலம் முற்றிலும் தீர்ந்தபின், மறுநாள் மீண்டும் இயக்கியபோது கருவிகள் சரியாயின. 2006 நவம்பரில் வெளியான அக்கருவி எதிர்கொண்ட முதல் நெட்டாண்டு இறுதி அதுவே. ஆதலால் அதுவரையிலான அன்றாடப் பயன்பாட்டில் அவ்வழு வெளிப்பட வாய்ப்பில்லை. நெட்டாண்டின் இறுதி நாளை உள்ளீடாகத் தரும் ஒரு சோதனை அதனை வெளிப்படுத்தியிருக்கும்.

குறைபாடுகள்

* பயன் சோதனையாளரின் அனுபவத்தைப் பொறுத்தது. புதிய துறையில் அனுபவசாலியின் ஊகமும் தவறலாம்.
* மென்பொருளின் எவ்வளவு பகுதி சோதிக்கப்பட்டது என்பதை இதனால் அளவிட இயலாது.
* ஊகம் எழுதி வைக்கப்படாவிடின், சோதனையாளர் விலகும்போது அதுவும் இழக்கப்படும்.

இக்காரணங்களால் பிழை ஊகித்தல், சமானப் பகுப்பு, எல்லை மதிப்புப் பகுப்பாய்வு போன்ற முறையான நுட்பங்களுக்கு மாற்றாக அன்றி, அவற்றுக்குத் துணையாகவே பயன்படுத்தப்படுகின்றது. கண்டறியப்படும் ஒவ்வொரு வழுவையும் பட்டியலில் சேர்த்துவரின், ஒருவரின் உள்ளுணர்வு பிறரும் பயன்படுத்தக்கூடிய அறிவாகின்றது.