முதுமைக்கால ஓய்வூதியம்: கணக்கிட்டுப் பார்த்தீர்களா?



ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். சம்பளத்தில் மாதந்தோறும் 'பி.எப்.' பிடிக்கப்படுவதை அனைவரும் அறிவர். அதனோடு ஓர் ஓய்வூதிய உரிமையும் சேர்ந்து வளர்கிறது என்பதை அறிந்தோர் சிலரே.

1995ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, முதலாளி செலுத்தும் பங்கில் சம்பளத்தின் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. சம்பளம் என்பது இங்கே அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் ஆகும். குறைந்தது 10 ஆண்டுப் பணி இருந்தால், 58ஆம் வயது முதல் ஆயுள் முழுவதும் ஓய்வூதியம் உண்டு.

கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணியாண்டுகளால் பெருக்கி, 70ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பின் பணியில் சேர்ந்த ஒருவரின் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய், பணி 13 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மாதம் 2,600 ரூபாய் கிடைக்கும். 20 ஆண்டுகள் நிறைவு செய்து 58 வயதில் ஓய்வு பெற்றால், மேலும் 2 ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடப்படும். அப்போது 4,400 ரூபாய் ஆகும். அதற்கு முன்பே சேர்ந்தவர்களுக்கு, 2014 ஆகஸ்ட் வரையிலான பணிக்கு 6,500 ரூபாய் உச்சவரம்பின்படி தனியே கணக்கிடப்படும்.

50 வயதிலேயே வாங்கத் தொடங்கலாம். ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைந்துவிடும். அவசரம் இழப்பையே தரும்.

பெரும்பாலோர் தவறுவது வேறோர் இடத்தில். ஓர் ஆலையில் 7 ஆண்டுகள் உழைத்து விலகும்போது, ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்து வாங்கிச் செலவழித்துவிடுகிறோம். அந்த 7 ஆண்டுகளும் கணக்கிலிருந்து அழிந்துபோகின்றன. அடுத்த ஆலையில் 6 ஆண்டுகள் உழைத்தாலும் 10 நிறைவதில்லை. மேற்சொன்ன 2,600 ரூபாய் இவ்வாறுதான் கைநழுவுகிறது. பணத்தை எடுக்காமல் பழைய கணக்கைப் புதிய இடத்திற்கு மாற்றுங்கள். அல்லது 10சி படிவம் கொடுத்துத் திட்டச் சான்றிதழ் பெற்று, அமானிதம் போல் பாதுகாத்து வையுங்கள்.

சகோதரிகளும் இதனை அறிந்திருப்பது அவசியம். பணியிலிருக்கும்போது கணவர் இறந்துவிட்டால், ஒரு மாதச் சந்தா செலுத்தப்பட்டிருந்தாலும் மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு. இரு பிள்ளைகளுக்கும் 25 வயது வரை தனியே உதவித்தொகை உண்டு.

ஆகவே இன்றே பி.எப். கணக்கேட்டை எடுத்து, உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த நாளும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பிழையிருந்தால் இப்போதே திருத்துங்கள். உழைத்துச் சேர்த்த உரிமையை அறியாமையால் இழக்கலாமா?