கூகுளுக்கு முதற்பணம் தந்த நிர்வாகி

பிறர் நிறுவிய கம்பெனிகளில் சம்பளத்துக்கு உழைத்த நிர்வாகி ஒருவர், தாம் எந்த யந்திரத்தையும் கண்டுபிடிக்காமலே பெருஞ்செல்வர் வரிசையில் சேர்வது எவ்வாறு என்று வினவுவோருக்கு, சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று அமெரிக்காவில் குடியேறிய ராம் ஸ்ரீராமின் சரித்திரம் விடை கூறும்.

1994-ல் அவர் இணைய உலாவி செய்யும் நெட்ஸ்கேப்பில் சேர்ந்தபோது அந்த ஸ்தாபனம் ஒரு சரக்கையும் விற்று ஒரு டாலரையும் ஈட்டியிருக்கவில்லை. பின்பு ஜங்லி என்ற கம்பெனிக்குத் தலைவரானார். 1998-ல் அமேசான் அதை விலைக்கு வாங்கவே, அமேசானின் வியாபார விருத்திப் பிரிவில் உபதலைவரானார். கருத்து நிலையிலுள்ள ஒரு வித்தை எவ்விதம் வருமானம் தரும் வியாபாரமாகிறது என்பதை உள்ளிருந்தே கண்ட இந்த அனுபவந்தான் அவர் சேர்த்த முதல் மூலதனம்.

அதே ஆண்டில், ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் தொடங்கிய கூகுளுக்கு அவர் 2,50,000 டாலர் அளித்தார். ஆண்டி பெக்டோல்ஷைம், டேவிட் செரிட்டன், ஜெஃப் பெஸோஸ் ஆகியோரும் அந்த ஆரம்ப காலத்தில் பணமிட்டவர்களே. எனினும் ஸ்ரீராம் பணத்தோடு நில்லாமல் இயக்குநர் குழுவிலும் அமர்ந்து ஆலோசனை நல்கினார்.

இத்தகைய முதலீட்டின் சூட்சுமம் எளிது. வருமானமில்லாத கம்பெனியின் மதிப்பு அற்பமாகையால் சிறு தொகைக்கும் கணிசமான பங்கு கிடைக்கிறது. நஷ்டம் இட்ட பணத்தைத் தாண்டாது, லாபத்துக்கோ வரம்பில்லை. 1999-ல் செக்கோயா, கிளைனர் பெர்க்கின்ஸ் ஆகிய முதலீட்டு ஸ்தாபனங்கள் இரண்டும் சேர்ந்து கூகுளில் 2.5 கோடி டாலர் இட்டதைப் போலப் புதுப்பணம் வருங்கால் பழைய பங்காளியின் விகிதம் குறைந்தாலும், ஒரு பங்கின் விலை உயர்ந்திருந்தால் அவருடைய செல்வம் பெருகுகிறது. 2004 ஆகஸ்டில் 85 டாலர் விலையில் கூகுள் பங்குகள் பொதுச்சந்தைக்கு வந்தபோது, அவர் இட்ட தொகை பன்மடங்காகியிருந்தது.

ஆயினும் இவ்வகைக் கம்பெனிகளில் பெரும்பாலானவை நசித்துப்போவதே இயல்பாதலின், பலவற்றில் பணத்தைப் பரப்பி, ஒன்றிரண்டின் வெற்றியால் மற்றவற்றின் நஷ்டத்தை ஈடுசெய்வதே இத்தொழிலின் முறை. 2000-ல் ஸ்ரீராம் நிறுவிய ஷெர்பாலோ வென்ச்சர்ஸ் அத்தொழிலுக்கென்றே அமைந்தது.

கூகுளைத் தொடங்கிய இரு மாணவர்களைத் தக்க தருணத்தில் சந்தித்தது அவருடைய அதிர்ஷ்டம். அவர்களை இனங்கண்டது நிர்வாகத்தில் கழிந்த ஆண்டுகளின் பயன். ஆனால் அறிவும் அதிர்ஷ்டமும் ஒருங்கே வாய்த்தவர்க்கும், முற்றிலும் இழந்தாலும் குடும்பம் தளராத அளவு கைப்பணம் இருந்தாலன்றி இந்த வழி திறப்பதில்லை.