எடை குறைய எவ்வளவு சாப்பிடலாம்?

அடுப்பு எரிய விறகு வேண்டும். உடம்பு இயங்க உணவு வேண்டும். துணியை மீட்டரில் அளக்கிறோம். பாலை லிட்டரில் அளக்கிறோம். உணவு தரும் சக்தியைக் கலோரியில் அளக்கிறார்கள். செலவுக்கு மேல் சாப்பிட்டால், மிச்சம் கொழுப்பாக உடம்பில் தங்கும்.

ஒரு நாளுக்கு எத்தனை கலோரி வேண்டும்? ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 2020-இல் அது ஒரு கணக்குச் சொன்னது. 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்து வேலை செய்தால் 1,660 கலோரி போதும். அதே பெண் கல், மண் சுமந்தால் 2,720 வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 2,110. கடின வேலை என்றால் 3,470. வேலைக்குத் தக்கபடி சாப்பாடு மாறும்.

ஒரு தையல்காரப் பெண். வயது 40. உயரம் 150 செ.மீ. எடை 70 கிலோ. முழங்கால் வலி. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அந்தப் பெண் காலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். பதினோரு மணிக்குக் கண் இருட்டியது. மெஷின் ஊசி விரலில் ஏறியது. இரவில் பசி தாங்காமல் இரண்டு மடங்கு சாப்பிட்டார். ஒரு மாதம் ஆகியும் எடை குறையவில்லை. பட்டினி கிடந்தால் இப்படித்தான் ஆகும்.

பிறகு நர்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆறு மாதமாக எடை ஏறவில்லை, இறங்கவும் இல்லை. அப்படியானால் வரவும் செலவும் சமம். அந்த உடம்புக்கு அது சுமார் 1,800 கலோரி. இதில் 400 குறைக்க வேண்டும். எதில் குறைப்பது?

அவர் குடிப்பது நாளுக்கு 4 டீ. டீக்கு 2 சிறு கரண்டி சர்க்கரை. ஒரு கரண்டியில் 20 கலோரி. 2 டீ, அதில் ஒவ்வொரு கரண்டி என்று மாற்றினார். 120 குறைந்தது. மாலையில் தின்னும் 2 வடையை விட்டார். அதில் ஏறக்குறைய 200. அவர் பங்குக்கு 2 சிறு கரண்டி எண்ணெய் குறைத்தார். அது 90. ஆக 410. சோற்றில் கை வைக்கவே இல்லை! பருப்பு, கீரை, முட்டையும் குறையவில்லை.

ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். நாளுக்கு 400 என்றால் மாதத்துக்கு 12,000. அதாவது ஒன்றரைக் கிலோ. போகப்போக இறக்கம் மெதுவாகும். எடை குறைந்த உடம்புக்குச் செலவும் குறைவு அல்லவா? அப்போது தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்கலாம். ‘பத்து நாளில் பத்துக் கிலோ’ என்று விற்கும் பொடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

டாக்டர் சொல்லாமல் 1,200 கலோரிக்குக் கீழே போகக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாமாகச் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். மருந்து அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைந்தால் மயக்கம் வரலாம்.

வாரம் ஒரு நாள் காலையில், சாப்பிடும் முன், ஒரே தராசில் எடை பாருங்கள். தராசு இல்லையா? தையல் டேப் போதும். இடுப்பை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டாமல் இருப்பது நல்லது.