பார்வையற்றவரின் நாய்: மார்க்கம் என்ன சொல்கிறது?



வெளிநாடுகளில் பிள்ளைகள் வாழும் குடும்பத்தார் சிலர் ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். பார்வை இழந்த முஸ்லிம் ஒருவர் வழிகாட்டி நாயைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? அவ்வீட்டில் தொழுகை கூடுமா? நாய் என்றதும் நம்மிடம் எழும் அருவருப்பு, மார்க்கச் சட்டத்தையே மறைத்துவிடுகிறது. எனவே சட்டத்திலிருந்தே தொடங்குவோம்.

வேட்டை, கால்நடைக் காவல், விவசாயம் ஆகியவற்றுக்காக அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). இரண்டு கீராத் என்ற அறிவிப்பும் உண்டு. ஆக, அழகுக்காகவும் பெருமைக்காகவும் நாய் வளர்ப்பதற்கு இங்கே இடமில்லை. ஆனால் அந்த எச்சரிக்கைக்குள்ளேயே விதிவிலக்கும் இருப்பதைக் கவனியுங்கள். பயிற்சி அளிக்கப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்துத் தருவதை உண்ணலாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் அனுமதிக்கிறது. பயிற்சி பெற்ற நாய்க்கும் பெறாத நாய்க்கும் சட்டம் வேறாகிறது!

இந்த விதிவிலக்கு குறிப்பிட்ட அந்த மூன்றுடன் நின்றுவிடுமா? வீட்டுக் காவல் போன்ற தேவைகளையும் அவற்றோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியான கருத்து என ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிமின் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். ஆட்டையும் விளைச்சலையும் காக்க நாய் கூடும் என்றால், மனித உயிரைக் காக்கக் கூடாது என்று சொல்வது எப்படி? நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீஸைச் சிலர் முன்வைப்பர். அனுமதிக்கப்பட்ட நாய் அதில் சேராது என்பது இமாம் கத்தாபீ (ரஹ்) அவர்களின் விளக்கம். அது பொதுவானது என்றே இமாம் நவவீ கருதினார்கள். கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அனுமதி என்பதில் அது கை வைக்கவில்லை.

முதல் உலகப் போரில் கண்ணிழந்த படைவீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியில் தொடங்கிய முயற்சி இது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வளர்ப்பும் பயிற்சியும் பெற்ற பின்னரே நாய் உரியவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. போக வேண்டிய வழியை அறிந்தவர் மனிதர்தாம். பள்ளம், படி, எதிர்வரும் வாகனம் ஆகியவற்றில் அவர் மோதாமல் காப்பது நாயின் வேலை. வாகனம் வரும்போது, "நட" என்று கட்டளையிட்டாலும் அது நகராது. கீழ்ப்படியாமலும் இருக்கக் கற்பிக்கப்பட்ட பிராணி!

இனி தூய்மை. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே கடுமையான நஜீஸ். அதன் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். ஆனால் உங்கள் கையும் அதன் உரோமமும் உலர்ந்திருந்தால் தொடுவதால் எதுவும் ஒட்டாது. ஹனஃபீ மத்ஹபில் எச்சில்தான் அசுத்தம், உடல் அல்ல. மாலிகீ மத்ஹபில் நாய் தூய்மையானதே. வீட்டில் நாய்க்கென ஓர் இடம், தொழுகைக்கென ஓர் அறையும் தனி உடையும் என ஒதுக்கிவிட்டால் சிரமம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பள்ளிவாசலுக்கு எப்படி வருவது? பார்வையற்ற ஒருவர், அழைத்து வர ஆளில்லை என்று சொல்லி வீட்டிலேயே தொழ நபியவர்களிடம் அனுமதி கேட்டார். பாங்கு கேட்கிறதா எனக் கேட்டு, ஆம் என்றதும், அப்படியானால் வாருங்கள் என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (முஸ்லிம்). இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் இதற்கு வழி கண்டார்கள். 2008இல், அங்கிருந்த பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவருக்காக பிரிட்டனின் முஸ்லிம் ஷரீஅத் கவுன்சில் ஃபத்வா வழங்கியது. பள்ளிவாசல் வளாகத்தில் நாய்க்குத் தனி இடம் தரப்பட்டது; தொழும் கூடத்தினுள் அது நுழையவில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரையொட்டி வாழ்ந்த ஒரு முஸ்லிம் பெண்மணியோ, பெற்றோர் நாயை விரும்பாததால் குட்டையான குதிரை ஒன்றை வழிகாட்டியாக்கிக் கொண்டார்! அந்நாட்டுச் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது.

வாடகைக் கார் ஓட்டும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி உதவி நாயுடன் வருபவரை ஏற்ற மறுப்பது குற்றம். மருத்துவக் காரணத்துக்காகச் சான்றிதழ் பெற்றவருக்கே விலக்கு. மார்க்கத்தைக் காரணம் காட்ட முடியாது. காட்ட வேண்டியதும் இல்லை. விரிப்பு ஒன்று போட்டால் முடிகிற காரியத்துக்காகப் பார்வையற்றவரைத் தெருவில் நிறுத்துவதைப் பேணுதல் என்று எந்த ஃபிக்ஹு நூலும் கூறவில்லை.

மன ஆறுதலுக்காக வளர்க்கப்படும் பிராணிகளின் நிலை வேறு. அவற்றுக்கு எந்தத் தனிப் பயிற்சியும் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே 2020 டிசம்பரில், விமானங்களில் இவற்றைச் சேவைப் பிராணிகளாக ஏற்க வேண்டியதில்லை என விதி வகுத்தது. இதற்காக மனநோயாளியின் வேதனையை நாம் எள்ளி நகையாடலாகாது. தம் சிட்டுக்குருவி இறந்து வாடிய அபூஉமைர் என்னும் சிறுவரிடம் நபியவர்கள் அதைப் பற்றிக் கனிவுடன் விசாரித்தார்கள் (புகாரீ, முஸ்லிம்). ஆறுதல் பூனையாலோ பறவையாலோ கிடைக்குமானால் நாயை நாட வேண்டியதில்லை. பூனை நஜீஸ் அல்ல என ஹதீஸே உள்ளது. நாய்தான் தேவை என்று நம்பகமான மருத்துவர் உறுதியாகச் சொன்னால், உங்கள் பகுதி ஆலிமிடம் அந்த நோயாளியின் நிலையை விளக்கிக் கேளுங்கள்.

விலை பற்றியும் கேட்கிறார்கள். நாயை விற்பதும் வாங்குவதும் ஷாஃபிஈ மத்ஹபில் செல்லாது. பயன்தரும் நாயை விற்க ஹனஃபீ மத்ஹப் அனுமதிக்கிறது. வழிகாட்டி நாய்களைப் பெரும்பாலும் அறக்கட்டளைகள் விலையின்றியே தருவதால், இப்பிரச்சினை பலருக்கு எழுவதே இல்லை.