சேலையில் சிக்கிய காலரா

தம்பி தங்கைகளே, ஒரு கணக்குப் போடுவோமா?

காலராக் கிருமியின் நீளம் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். உங்கள் அடிக்கோலில் ஒரு மில்லிமீட்டர் இருக்கிறதே, அதற்குள் 500 கிருமிகளை வரிசையாக நிறுத்திவிடலாம். பல அடுக்காக மடித்த பழைய நூல் சேலையில் இழைகளுக்கு நடுவே உள்ள துளை சுமார் 20 மைக்ரோமீட்டர். ஆளைவிட வாசல் பத்து மடங்கு பெரிது! அப்படியானால் சேலையில் தண்ணீரை வடிகட்டிக் கிருமியைப் பிடிக்க முடியுமா?

முடிந்தது. வங்கதேசத்தில் மட்லப் என்ற வட்டாரத்தில், 65 கிராமங்களில், ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதைச் செய்து பார்த்தார்கள். குளத்திலும் ஆற்றிலும் குடத்தை முக்கும்போதே அதன் வாயில் மடித்த சேலையைக் கட்டும்படி பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்த கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. 2003-இல் இந்த முடிவு வெளியானது.

எப்படி என்று யோசித்தீர்களா? காலராக் கிருமி நீரில் தனியாக மட்டும் திரிவதில்லை. துடுப்புக்காலி என்று ஒரு பூச்சி உண்டு. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதன் ஓட்டில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஒரே பூச்சியின் மேல் பத்தாயிரம் வரைகூட இருக்கலாம். கிருமி துளையில் நுழைந்துவிடும், அது ஏறி வரும் பூச்சியால் நுழைய முடியாது. பூச்சி சிக்கினால் பயணிகள் எல்லோரும் சிக்கினார்கள்!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, புதுச் சேலையைவிடப் பழைய சேலைதான் நன்றாக வடிகட்டியது என்பது. துவைத்துத் துவைத்து நூல் பிசிறி, துளைகள் சிறுத்துவிடுகின்றன. நான்கு அடுக்குக்குக் குறையாமல் மடிக்க வேண்டும். வடிகட்டியதும் அலசி வெயிலில் காயப்போட வேண்டும்.

கிருமியைத் தடுக்க ஏன் இத்தனை பாடு? காலராக் கிருமி குடலுக்குள் போனால் ஒரு நஞ்சைச் சுரக்கும். 1959-இல் அந்த நஞ்சைக் கண்டறிந்து சொன்னவர் கொல்கத்தாவின் சம்புநாத் டே. நஞ்சு பட்ட குடல், உடம்பின் நீரையும் உப்பையும் வெளியே கொட்டிவிடும். கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகும். இழந்ததை உப்பு சர்க்கரைக் கரைசலாகத் திரும்பக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுவார்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடுமே என்று கேட்பீர்கள். சரிதான், அதுவே சிறந்த வழி. தனியே மிதக்கும் கிருமிகளைச் சேலை விட்டுவிடும், கொதிநீர் விடாது. ஆனால் அந்தக் கிராமங்களில் அப்போது சோறு பொங்கவே விறகு போதாமல் இருந்தது. வெள்ளம் வந்தால் அடுப்பே மூழ்கிவிடும். பழைய சேலை இல்லாத வீடு மட்டும் அங்கே கிடையாது.

ஆய்வு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பெண்கள் இன்னும் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சுற்றியிருந்த, வடிகட்டாத அக்கம்பக்கத்து வீடுகளிலும் காலரா குறைந்திருந்தது.